லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் பட்டறையோ கிடங்கோ தொடங்குகிறீர்களா? வொர்க்கர்ஸ் காம்ப் எடுப்பதும் கையாள்வதும்

லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டிக்குள் ஊரே தொழிற்பேட்டையாக இருக்கும் இடங்கள் உண்டு. வெர்னன் நகரத்தின் வாசகமே 'முழுக்க முழுக்கத் தொழிலுக்கு' என்பதுதான். 1957-இல் உருவான சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரிக்குப் பெயரே தொழில். காமர்ஸில் கிடங்குகள், டவுன்டவுன் பக்கம் தையல் கூடங்கள், தெற்கே இரண்டு பெரிய துறைமுகங்கள். இங்கே இடம் பிடித்து, இயந்திரம் இறக்கி, முதல் ஆளை வேலைக்கு வைக்கும்போது புதியவர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. எல்லோரும் சொல்வது வொர்க்கர்ஸ் காம்ப்.

தமிழ்நாட்டில் தொழில் நடத்திவிட்டு வருபவர்கள் இதை இ.எஸ்.ஐ. மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே கட்டணம் அரசு அமைப்புக்குப் போகிறது, முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம், எந்தத் தொழிலானாலும் ஒரே விகிதம். கலிபோர்னியாவில் காப்பீட்டைக் கம்பெனியிடம் நீங்களே வாங்க வேண்டும். மேசை வேலைக்கு ஒரு விலை, கூரை வேலைக்கு அதைப்போலப் பல மடங்கு. தொழிலாளி சம்பளத்தில் இதற்காக ஒரு சென்ட் பிடித்தாலும் குற்றம். இன்னொரு பெரிய வித்தியாசம், முதல் நாள் நீங்கள் கட்டும் பிரீமியம் வெறும் மதிப்பீடு. உண்மையான செலவு அடிபட்ட நாளில் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்திலும், ஆண்டுக் கடைசியில் ஆடிட்டர் உங்கள் கணக்கைப் படிக்கும் விதத்திலும்தான் முடிவாகிறது. கீழே சொல்வதில் பாதி அந்த இரண்டைப் பற்றியதுதான்.

யாருக்குக் கட்டாயம்

ஒரே ஒரு ஆள் போதும். பகுதி நேரம், தற்காலிகம், சொந்தக்காரர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மச்சான் கடையில் வந்து நிற்கிறார், சம்பளம் வாங்குகிறார் என்றால் அவரும் தொழிலாளிதான். குடியேற்ற ஆவணம் இல்லாதவருக்கும் அடிபட்டால் இழப்பீட்டு உரிமை உண்டு. 'அவரிடம் பேப்பர் இல்லை' என்பது முதலாளிக்குத் தப்பிக்கும் வழி ஆகாது.

தனி உரிமையாளர் தன்னைத் தானே சேர்க்க வேண்டியதில்லை. கார்ப்பரேஷனாகப் பதிந்திருந்தால், குறைந்தது 10 சதவீதப் பங்கு வைத்திருக்கும் அதிகாரிகளும் இயக்குநர்களும் விலகிக்கொள்ளலாம். எல்.எல்.சி.-யில் நிர்வாக உறுப்பினர்களுக்கும் கூட்டு நிறுவனத்தில் பங்காளிகளுக்கும் அதே வசதி உண்டு. விலகல் வாய்ச்சொல்லில் நடக்காது. ஒவ்வொருவரும் விலகல் படிவத்தில் கையெழுத்திட்டு, காப்பீட்டுக் கம்பெனி அதை ஏற்ற பிறகுதான் செல்லும். படிவம் வராத வரைக்கும் உங்கள் சம்பளமும் பிரீமியக் கணக்கில் சேரும். ஆனால் விலகுவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். லேத்தில் நீங்களே நின்று வேலை செய்பவராக இருந்தால், விரல் போன பிறகு உங்கள் ஹெல்த் இன்ஷூரன்ஸ் 'இது வேலையில் பட்ட காயம்' என்று கையை விரிக்கக்கூடும். மேசையில் உட்காரும் பங்குதாரர் விலகட்டும். இயந்திரத்தில் நிற்பவர் உள்ளே இருப்பதே நல்லது.

'அவர் 1099 ஆள் (சம்பளப் பட்டியலில் இல்லாமல் ஒப்பந்தக்காரராகப் பணம் வாங்குபவர்), என் தொழிலாளி இல்லை' என்ற வாதம் இங்கே பெரும்பாலும் எடுபடாது. கலிபோர்னியாவின் ஏ.பி.சி. சோதனை 2020 ஜூலை 1 முதல் வொர்க்கர்ஸ் காம்புக்கும் பொருந்துகிறது. மூன்று நிபந்தனையும் ஒருசேர நிறைவேறினால்தான் ஒருவர் சுயேச்சை ஒப்பந்தக்காரர்: உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாமல் வேலை செய்ய வேண்டும், உங்கள் வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ள வேலையாக இருக்க வேண்டும், அவருக்கென்று தனித் தொழில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க வேண்டும். தையல் கூடத்துக்குக் குழாய் பழுதுபார்க்க வரும் பிளம்பர் இதில் தேறுவார். அதே கூடத்தில் சட்டை தைப்பவர் இரண்டாவது நிபந்தனையிலேயே விழுந்துவிடுவார். கையில் எந்த ஒப்பந்தத்தாள் இருந்தாலும் சரி.

ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கும் கிடங்குக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஏஜென்சியின் பாலிசி உங்கள் இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் செல்லும் என்று எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அவர்களுடைய காப்பீட்டுச் சான்றிதழ் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். ஏஜென்சி காப்பீடு எடுக்காமல் ஏமாற்றியிருந்தால், ஆளை வேலை வாங்கிய உங்களுக்கும் பொறுப்பு உண்டு என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது.

வாங்கப் போகும்போது

மூன்று வழி இருக்கிறது. தனியார் கம்பெனி, 1914 முதல் இயங்கும், மாநில அரசு அமைத்த காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபண்ட், அல்லது அரசு அனுமதி பெற்ற சுயக் காப்பீடு. மூன்றாவது பெரிய நிறுவனங்களுக்கானது, விட்டுவிடுங்கள். புதுத் தொழில், ஆபத்தான வேலை, முன் வரலாறு இல்லை என்று தனியார் கம்பெனிகள் ஒதுக்கினால் ஸ்டேட் ஃபண்ட் இருக்கிறது. விலை கொஞ்சம் கூடலாம், ஆனால் கதவு திறந்திருக்கும்.

கலிபோர்னியா அரசு விலையை நிர்ணயிப்பதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் விகிதத்தைத் தானே தாக்கல் செய்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு கம்பெனிகளின் விலையில் பெரிய இடைவெளி இருப்பது சகஜம். அதனால் வொர்க்கர்ஸ் காம்ப் அதிகம் பார்க்கும் புரோக்கரைப் பிடித்து, குறைந்தது மூன்று இடத்தில் விலை கேட்கச் சொல்லுங்கள். கார் இன்ஷூரன்ஸ் போட்டுத் தரும் நண்பரிடம் இதையும் கொடுத்துவிடாதீர்கள். என்ன வேலை என்பதைச் சொல்லும் வகைக் குறியீட்டைத் தப்பாகப் போட்டால் ஆண்டுக் கடைசியில் அடி உங்களுக்குத்தான் விழும்.

புரோக்கரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: கூட்டாட்சி வரி எண், நிறுவனப் பதிவின் விவரமும் யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு என்பதும், அடுத்த 12 மாதத்துக்கு வேலை வாரியாக எதிர்பார்க்கும் மொத்தச் சம்பளம், எந்தெந்த முகவரியில் வேலை நடக்கிறது, என்ன இயந்திரங்கள் என்ற விவரம். நடந்துகொண்டிருக்கும் தொழிலை வாங்கியிருந்தால் பழைய கம்பெனி தரும் இழப்பு அறிக்கையும் வேண்டும். அதற்கு 'லாஸ் ரன்' என்று பெயர். வேலை விவரத்தை நீங்களே ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள். 'மெட்டல் ஒர்க்' என்று இரண்டு சொல்லில் முடித்தால், கேட்பவர் வெல்டிங்கையும் கட்டட இரும்பு வேலையையும் கற்பனை செய்துகொண்டு விலை போடுவார். 'அலுமினிய பாகங்களை சி.என்.சி.-யில் அறுத்து, துளையிட்டு, பெட்டியில் போட்டுக் கூரியருக்குக் கொடுக்கிறோம். வெளியிடத்தில் பொருத்தும் வேலை இல்லை' என்று எழுதினால் விலையே மாறும்.

பாலிசியில் இரண்டு பகுதி. முதல் பகுதி சட்டம் சொல்லும் இழப்பீடு. இதற்குத் தொகை வரம்பு கிடையாது. இரண்டாவது, முதலாளியின் மீது தொடுக்கப்படும் வழக்குகளுக்கானது. இதற்கு வரம்பு உண்டு. கட்டட உரிமையாளரும் பெரிய வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் 10 லட்சம் டாலர் வரம்பு கேட்பார்கள் என்பதால், முதலிலேயே அந்த வரம்பில் எடுத்துவிடுவது மேல். விலை வித்தியாசம் சிறியது. தையல் தொழிலுக்கு இன்னொரு கட்டாயமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஆடை உற்பத்திக்குத் தொழிலாளர் ஆணையரிடம் தனியாகப் பதிய வேண்டும். வொர்க்கர்ஸ் காம்ப் சான்று இல்லாமல் அந்தப் பதிவு கிடைக்காது. கட்டட ஒப்பந்தக்காரர்களில் கூரை (சி-39), கான்கிரீட் (சி-8), ஏசி (சி-20) போன்ற சில உரிமம் வைத்திருப்பவர்கள் ஆளே வைக்காவிட்டாலும் பாலிசி காட்ட வேண்டும்.

பிரீமியம் எப்படி வருகிறது

ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் இத்தனை டாலர் என்பதுதான் அடிப்படை. எத்தனை என்பதை நான்கு இலக்க வகைக் குறியீடு தீர்மானிக்கிறது. குறியீடுகளைப் பராமரிப்பது டபிள்யூ.சி.ஐ.ஆர்.பி. என்ற மதிப்பீட்டு அமைப்பு. 3632 இயந்திரப் பட்டறை, 2501 ஆடைத் தயாரிப்பு, 8292 பொதுக் கிடங்கு, 8810 அலுவலக எழுத்து வேலை.

கணக்கு எளிது. விகிதங்கள் கற்பனை என்று வைத்துக்கொண்டு பாருங்கள்: பட்டறை ஆட்களின் ஆண்டுச் சம்பளம் 4,00,000 டாலர், விகிதம் 5 டாலர் என்றால் 20,000. அலுவலக ஆளின் சம்பளம் 60,000, விகிதம் 50 சென்ட் என்றால் 300. ஆக 20,300 டாலர்.

இப்போது அந்த அலுவலக ஆள் மதியத்துக்கு மேல் பட்டறைக்குள் போய்ப் பெட்டி கட்டுகிறார் என்று வையுங்கள். 8810-க்கு இரண்டு நிபந்தனை உண்டு. வேலை முழுக்க அலுவலக வேலையாக இருக்க வேண்டும்; உட்காரும் இடம் சுவராலோ தடுப்பாலோ தொழிற்கூடத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பாதி நேரம் அங்கே, பாதி நேரம் இங்கே என்று சம்பளத்தைப் பிரித்துக் காட்ட முடியாது. ஒட்டுமொத்த 60,000-மும் 3632-க்குப் போய்விடும். 300 டாலர் இருந்த இடத்தில் 3,000. ஒரு ஆள் பெட்டி கட்டியதற்கு 2,700 டாலர்!

பட்டறைக்குள்ளேயே கூட்டிப் பெருக்குபவர், சரக்கு ஏற்றுபவர், இயந்திரம் பழுதுபார்ப்பவர் ஆகியோருக்குத் தனிக் குறியீடு கேட்டுப் பயனில்லை. அவர்கள் முக்கியத் தொழிலின் குறியீட்டிலேயே சேர்வார்கள்.

தொழில் வளர்ந்து சில ஆண்டு ஆனதும் எக்ஸ்-மாட் வரும். உங்களைப் போன்ற பட்டறைகளின் சராசரியோடு உங்கள் விபத்து வரலாற்றை ஒப்பிட்டுத் தரும் எண் அது. சராசரி 1.00. மேலே சொன்ன 20,300 டாலர், 1.25 எக்ஸ்-மாட்டில் 25,375 ஆகும், 0.85-இல் 17,255 ஆகும். மூன்று ஆண்டு வரலாறு எடுத்துக்கொள்ளப்படும், அதுவும் தாமதமாக: கணக்கில் வரும் காலம் எக்ஸ்-மாட் தொடங்குவதற்கு 4 ஆண்டு 9 மாதம் முன்பு ஆரம்பித்து 1 ஆண்டு 9 மாதம் முன்பு முடியும். அதாவது இந்த ஆண்டு நடந்த விபத்து அடுத்த ஆண்டு பில்லில் தெரியாது. தெரியத் தொடங்கினால் மூன்று ஆண்டு கூடவே வரும்.

இதோடு இடமும் சேர்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கிளெய்ம்கள் மாநிலத்தின் மற்ற பகுதிகளைவிட அதிகம் என்பதால், பல கம்பெனிகள் அஞ்சல் குறியீட்டைப் பார்த்தே விலையைக் கூட்டுகின்றன. அதை மாற்ற உங்களால் முடியாது. குறியீடும் கணக்கும்தான் உங்கள் கையில்.

பாலிசி வந்த வாரம்

வேலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று தொழிலாளிக்குச் சொல்லும் டி.டபிள்யூ.சி.-7 அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். உணவு இடைவேளை மேசைக்கு மேல், நேரம் பதியும் கருவிக்குப் பக்கம். ஸ்பானிஷ் பேசுபவர்கள் இருந்தால் ஸ்பானிஷிலும் வேண்டும். இந்த வட்டாரத்தில் அவர்கள் இல்லாத பட்டறை அபூர்வம். புதிதாகச் சேர்பவருக்கு உரிமைகளைச் சொல்லும் கையேட்டை முதல் சம்பளக் காலம் முடிவதற்குள் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுக் கம்பெனிக்கு மருத்துவர் வலையமைப்பு இருக்கிறதா என்று கேட்டு, உங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் உள்ள தொழில்சார் கிளினிக்கின் பெயர், முகவரி, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். இரவு ஷிஃப்ட் இருந்தால் இரவில் எங்கே போவது என்பதும் அதில் இருக்க வேண்டும். எழுத்தில் அமைந்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று கலிபோர்னியா தனியாகச் சொல்கிறது. அதை இந்த வாரமே எழுதி முடியுங்கள், தள்ளிப்போட்டால் விபத்து நாளில்தான் தேடுவீர்கள்.

அடிபட்ட நாள்

செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு ஒருவர் டிரில் பிரஸ்ஸில் கையுறையோடு கை வைக்கிறார். கையுறை சுற்றிக்கொண்டு ஆள்காட்டி விரல் கிழிகிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில் சிகிச்சை. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் 911. இல்லையென்றால் அந்த கிளினிக். உங்களில் ஒருவர் கூடப் போங்கள். இயந்திரத்தை நிறுத்தி, அப்படியே நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். தடுப்புக்கவசம் இருந்ததா, எந்தக் கையுறை, யார் பார்த்தார்கள் என்பதை அன்றே எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் பார்த்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

அடுத்தது டி.டபிள்யூ.சி.-1, தொழிலாளி இழப்பீடு கோரும் படிவம். காயம் உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலை நாளுக்குள், அதாவது புதன்கிழமைக்குள், அதைத் தொழிலாளியிடம் கொடுத்தாக வேண்டும். மேல் பகுதியை அவர் நிரப்புவார், கீழ்ப் பகுதியை நீங்கள். உங்கள் பகுதியில் மூன்று தேதி இருக்கிறது: காயம் உங்களுக்கு முதலில் தெரிந்த நாள், படிவம் கொடுத்த நாள், நிரப்பிய படிவம் திரும்பி வந்த நாள். புதியவர்கள் மூன்றிலும் ஒரே தேதியைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போடாதீர்கள். பின்னால் வரும் கெடுவெல்லாம் இந்தத் தேதிகளிலிருந்தே எண்ணப்படும். உண்மை எதுவோ அதை எழுதி, ஒரு பிரதியைத் தொழிலாளிக்கும் ஒன்றைக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் அனுப்பி, ஒன்றை நீங்கள் வையுங்கள். அவர் நிரப்ப மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். கொடுத்ததற்குச் சாட்சி இருந்தால் போதும்.

5020 என்ற முதலாளி அறிக்கை ஐந்து நாளுக்குள் கம்பெனிக்குப் போக வேண்டும். ஐந்தாவது நாள் வரை காத்திராதீர்கள், அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். 'அவர் கவனக்குறைவாக இருந்தார்' என்பதை அறிக்கையில் வாதமாக எழுதிப் பயனில்லை. இந்தச் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே கிடையாது. நடந்ததை எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் அதைத் தனியாக அட்ஜஸ்டரிடம், அதாவது கிளெய்மைக் கவனிக்கும் கம்பெனி ஆளிடம், சொல்லுங்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். காயம் கடுமையானது என்றால் மாநிலத்தின் பணியிடப் பாதுகாப்பு அலுவலகமான கால்-ஓஷாவுக்கு வேறு தகவல் சொல்ல வேண்டும், உடனே, உங்களுக்குத் தெரிந்த 8 மணி நேரத்துக்குள். கடுமையான காயம் என்பது மரணம், உறுப்பு துண்டாவது, கண் இழப்பு, நிரந்தர உருச்சிதைவு, வெறும் கண்காணிப்புக்காக இல்லாமல் மருத்துவமனையில் படுக்க வைப்பது ஆகியவை. கிழிந்து தையல் போட்ட விரல் இதில் வராது. விரல் நுனி துண்டானால் வரும். காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டோமே என்று இருந்துவிடுபவர்களுக்குச் சொல்லாமல் விட்டதற்கே 5,000 டாலர் அபராதம் வருகிறது. இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள்.

படிவம் வந்ததும் கம்பெனியின் வேலை தொடங்கும். ஒரு வேலை நாளுக்குள் சிகிச்சைக்கு அனுமதி தர வேண்டும். ஏற்பதா மறுப்பதா என்று முடிவாகும் வரை 10,000 டாலர் வரைக்கும் சிகிச்சைச் செலவு அவர்களுடையது. 90 நாளில் மறுக்காவிட்டால் காயம் வேலையில் பட்டதாகவே கொள்ளப்படும். வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆண்டுதோறும் மாறும் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். முதல் மூன்று நாளுக்குப் பணம் இல்லை. ஆனால் மருத்துவமனையில் படுத்தாலோ 14 நாளுக்கு மேல் போனாலோ அதுவும் கிடைக்கும். பொதுவாக 104 வாரம் வரை. மரணம் என்றால் முழுதும் சார்ந்திருந்தவர் ஒருவருக்கு 2,50,000 டாலர், இருவர் என்றால் 2,90,000, மூவர் அல்லது அதற்கு மேல் 3,20,000. ஈமச் செலவுக்கு 10,000 வரை.

செலவைக் குறைக்க முதலாளியால் உண்மையாகவே முடிந்தது ஒன்றுதான்: இலகு வேலை கொடுத்துத் திரும்ப அழைப்பது. 'வலது கையால் ஐந்து பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அளவு சரிபார்ப்பது, பாகங்களை எண்ணுவது, லேபிள் ஒட்டுவது என்று ஒரு வேலையை எழுத்தில் தாருங்கள். இப்படி ஏழெட்டு இலகு வேலைகளின் பட்டியல் முன்கூட்டியே இருக்கட்டும். வேலையே தராமல் விட்டால் வாராவாரம் பணம் போகும்; நிரந்தரப் பாதிப்பு இருந்து, செய்யக்கூடிய வேலை எதையும் நீங்கள் முன்வைக்காவிட்டால் மறுபயிற்சிக்கு 6,000 டாலர் வவுச்சரும் சேரும். எல்லாம் கிளெய்ம் கணக்கில் ஏறி எக்ஸ்-மாட்டாகத் திரும்பும்.

செய்யவே கூடாதவை இரண்டு. கிளெய்ம் போட்டதற்காக வேலையை விட்டு நீக்குவது அதில் முதலாவது. தொழிலாளர் சட்டத்தின் 132ஏ பிரிவின்படி மறுபடி வேலை, இழந்த சம்பளம், மேல்தொகை என்று நீளும், அதைக் காப்பீடு கட்டாது. இரண்டாவது, 'பெரிசு பண்ண வேண்டாம், கையிலிருந்து கொடுத்து முடிச்சிடலாம்' என்ற யோசனை. கீறலுக்கு மருந்து போடுவது முதலுதவி. வேலை நேரம் போகாமல் ஒரே ஒரு தடவை பார்த்து முடிந்தால் டி.டபிள்யூ.சி.-1 தேவையில்லை. ஆனால் கிளினிக் போனால் அது கம்பெனிக்குத் தெரிய வேண்டும். 300 டாலர் கொடுத்து மறைத்து வைத்த விரல் காயம் இரண்டு மாதம் கழித்துச் சீழ் பிடித்து வழக்கறிஞரோடு வந்து நிற்கும்போது, தாமதமாகச் சொன்னதற்குக் காரணம் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். இத்தனைக்கும் எக்ஸ்-மாட் கணக்கில் ஒவ்வொரு கிளெய்மின் முதல் 250 டாலர் சேர்வதே இல்லை. சின்ன கிளெய்மைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

ஆடிட்

பாலிசி ஆண்டு முடிந்ததும் உண்மையாகக் கொடுத்த சம்பளத்தைக் கம்பெனி சரிபார்க்கும். சிறிய பாலிசிக்குப் படிவம் அனுப்புவார்கள். பெரியதற்கு ஆடிட்டர் நேரில் வருவார். பேரோல் பதிவேடு, காலாண்டு வரி அறிக்கைகள், செக் புத்தகம், 1099 பட்டியல், துணை ஒப்பந்தக்காரர்களின் சான்றிதழ்கள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வரி அறிக்கையில் உள்ள மொத்தமும் பேரோல் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று அவர் வருவதற்கு முன் நீங்களே பாருங்கள்.

பெரும்பாலானோர் பணத்தை விடும் இடம் ஓவர்டைம். ஒன்றரை மடங்கு கொடுக்கும்போது அந்த அரை மடங்கு பிரீமியக் கணக்கில் சேராது. மணிக்கு 20 டாலர் வாங்குபவர் வாரம் 10 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால், 50 வாரத்தில் 15,000 டாலர் வாங்குவார். அதில் 5,000 கழிய வேண்டும். விகிதம் 5 டாலர் என்றால் ஆளுக்கு 250 டாலர், எட்டு ஆளுக்கு 2,000. ஆனால் பேரோலில் ஓவர்டைம் தனி வரியாகத் தெரிந்தால்தான் கழிவு. 'மொத்தச் சம்பளம்' என்று ஒரே எண்ணாகப் போட்டிருந்தால் முழுதும் சேர்ந்துவிடும். பேரோல் மென்பொருளில் இதை முதல் மாதமே அமைத்துவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் பிரித்தெடுப்பது நரக வேதனை. டிப்ஸும் கணக்கில் சேராது. போனஸ், கமிஷன், விடுமுறைச் சம்பளம், நோய் விடுப்புச் சம்பளம் எல்லாம் சேரும்.

அடுத்த ஓட்டை துணை ஒப்பந்தக்காரர். கூரை ஒட்டுக்கு, வண்ணம் பூச, இயந்திரம் நகர்த்த என்று ஆள் கூப்பிடும்போது அவர்களுடைய காப்பீட்டுச் சான்றிதழை வேலை தொடங்குமுன் வாங்குங்கள். சான்றிதழில் உள்ள தேதி வேலை நடந்த நாட்களை உள்ளடக்க வேண்டும். இல்லையென்றால் அவர்களுக்குக் கொடுத்த பணம் உங்கள் சம்பளப் பட்டியலில் ஏற்றப்படும், அதுவும் கூரை விகிதத்தில். தாளை மட்டும் நம்பாமல், டபிள்யூ.சி.ஐ.ஆர்.பி.-யின் இணையத் தேடலில் அந்த நிறுவனத்துக்கு நடப்பு பாலிசி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், இலவசம்தான்.

ஆடிட்டரைத் தவிர்த்துக்கொண்டே இருந்தால், மதிப்பீட்டுப் பிரீமியத்தைப்போல மூன்று மடங்கு கேட்கக் கம்பெனிக்கு சட்டம் இடம் தருகிறது. கையில் காசாகக் கொடுத்த சம்பளத்தைக் காட்டாமல் விடுவது வேறு ரகம். அது பிரீமியம் மோசடி, கிரிமினல் வழக்கு. முடிவு வந்த பிறகு குறியீடு தப்பு என்று தோன்றினால் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். அங்கே தீராவிட்டால் டபிள்யூ.சி.ஐ.ஆர்.பி.-யிடம் மறுபரிசீலனை கோரலாம்.

ஆண்டு நடுவில் ஆள் இரட்டிப்பானால் புரோக்கரிடம் சொல்லி மதிப்பீட்டை உயர்த்திவிடுங்கள். ஒவ்வொரு சம்பளத்தோடும் பிரீமியம் கட்டும் முறை இப்போது பல கம்பெனிகளில் இருக்கிறது. புதுத் தொழிலுக்கு அதுவே சரி. ஆண்டுக் கடைசியில் பெரிய பாக்கி ஒன்று திடீரென்று வந்து விழாது.

பாலிசி இல்லாமல் ஓட்டினால்

ஆய்வாளர் வந்து பார்த்தால் அங்கேயே வேலை நிறுத்த உத்தரவு கொடுப்பார். ஆளுக்கு 1,500 டாலர் அபராதம். முன்பே காப்பீடில்லாமல் ஓட்டியது தெரிந்தால், கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்தின் இரண்டு மடங்கு அல்லது ஆளுக்கு 1,500 டாலர், இரண்டில் எது பெரிதோ அது. காப்பீடு எடுக்காததே குற்றம், குறைந்தது 10,000 டாலர் அபராதமோ ஓராண்டு வரை கவுன்ட்டிச் சிறையோ, இரண்டுமோ. இடையில் ஒருவர் அடிபட்டுவிட்டால், காப்பீடில்லாத முதலாளிகளின் ஆட்களுக்கென்று உள்ள தனி மாநில நிதியம் (இது ஸ்டேட் ஃபண்ட் இல்லை) அவருக்குக் கொடுத்துவிட்டு உங்கள் சொத்தின் மேல் வரும். போதாததற்கு, தொழிலாளி உங்கள் மீது சாதாரண நீதிமன்றத்திலும் வழக்குப் போடலாம்; அந்த வழக்கில் உங்கள் அலட்சியம்தான் காரணம் என்று முதலிலேயே வைத்துக்கொள்வார்கள். தவணை தவறினால் 10 நாள் நோட்டீஸில் பாலிசி ரத்தாகும் என்பதால், இந்த நிலை வாங்காமல் விட்டவருக்கு மட்டுமல்ல, முகவரி மாற்றித் தபாலைக் கவனிக்காமல் விட்டவருக்கும் வருகிறது.

வேலையை விட்டுப் போன பிறகு வரும் கிளெய்ம்

லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் இது தனி வகை. ஒரே நாளில் பட்ட அடி இல்லை. ஆண்டுக்கணக்கில் தூக்கியதால் முதுகு, தைத்ததால் மணிக்கட்டு என்று படிப்படியாக வந்த பாதிப்பு. ஆளை நிறுத்தியபின் கிளெய்ம் வரும். இதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு, ஆனால் உங்களிடம் தாள் இருந்தால்தான் அது உதவும். வேலையை விட்டுப் போகும் ஒவ்வொருவரிடமும் 'வேலையில் பட்ட காயம் ஏதாவது இருக்கிறதா' என்று எழுத்தில் கேட்டு, அவர் மொழியிலேயே பதில் வாங்கி வையுங்கள். 'ஆம்' என்று எழுதினால் அன்றே டி.டபிள்யூ.சி.-1.

இந்த வகைக் கிளெய்மில் பொறுப்பு, பாதிப்புக்குள்ளாக்கிய வேலையின் கடைசி ஓராண்டில் காப்பீடு தந்த கம்பெனியின் மேல் விழுகிறது. அது நீங்கள் மூன்று கம்பெனிக்கு முன்னால் விட்டுவந்த பழைய பாலிசியாக இருக்கலாம். கம்பெனி மாற்றும்போதும் பட்டறையையே மூடும்போதும் பழைய பாலிசிகளின் முதல் பக்கத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி மூன்றும் தெரியும்படி ஒரு உறையில் போட்டு, நிறுவனப் பதிவுத் தாள்களோடு சேர்த்து வையுங்கள்.